அசைபோடும் விலங்குகளின் இதயம்: வெளியிலிருந்து வரும் கேடுகள்

ஈன்று இருபது நாளான கலப்பினப் பசு. வேளைக்கு ஏழு லிட்டர் கறந்தது, இரண்டே நாளில் மூன்று லிட்டருக்கு இறங்கிவிட்டது. தவிட்டுத் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அசைபோடுவது நின்றுவிட்டது. முதுகைக் கூனி, முன்னங்கால்களை விலாவில் ஒட்டவிடாமல் அகட்டி வைத்துக்கொண்டு, படுக்கவும் மனமில்லாமல் நிற்கிறது.

"செரிமானக் கோளாறுன்னு நினைச்சு இஞ்சி, ஓமம், பெருங்காயம் எல்லாம் இடிச்சு உருண்டை குடுத்தோம் டாக்டர். கேக்கல" என்கிறார் வீட்டுக்காரர்.

"தாடி எப்பண்ணே வீங்குச்சு?"

"நேத்து சாயங்காலம்தான் பாத்தேன்."

மருத்துவர் வீங்கிய அலைதாடியை விரலால் அழுத்துகிறார். பிசைந்த மாவில் விரல் பதிந்ததுபோல் குழி விழுகிறது, மேலெழும்ப நேரமாகிறது. கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் சிரை தாம்புக்கயிறு கனத்துக்குப் புடைத்திருக்கிறது. இடது முன்னங்காலைச் சற்றே முன்னுக்கு இழுத்து, முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறார். இரண்டு தெளிவான ஓசை கேட்க வேண்டிய இடத்தில், பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது எழும் தளும்பல் கேட்கிறது. இதயம் அதற்கும் அப்பால், தண்ணீருக்குள் இருந்து துடிப்பதுபோல் மங்கலாக.

அந்தப் பசு செரிமானக் கோளாறால் நிற்கவில்லை. அதன் வயிற்றுக்குள் போன கம்பி ஒன்று உதரவிதானத்தைத் துளைத்து இதய உறைக்குள் நுழைந்திருக்கிறது.

மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி என்று அசைபோடும் விலங்குகளின் இதய நோய்களை ஒருசேர எடுத்துப் பார்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மனிதருக்கு வரும் மாரடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் இதயத்தின் சொந்த ரத்தக் குழாய்களில் படியும் கொழுப்பு. மாட்டுக்கு அந்த நோய் அநேகமாக இல்லை. மாட்டின் இதயம் தானாகக் கெடுவது அபூர்வம். தரையில் கிடந்த கம்பி, கவனிக்காமல் விட்ட குளம்புப் புண், போடத் தவறிய தடுப்பூசி, வேலியில் நட்ட செடி, மண்ணில் இல்லாத ஓர் உலோகம், ஏறக்கூடாத மலை என்று எங்கோ தொடங்கிய கேடு கடைசியில் வந்து சேரும் இடமாக இதயம் இருக்கிறது. இந்தியாவில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி சுமார் 19.2 கோடி மாடுகள், 11 கோடி எருமைகள், 14.9 கோடி வெள்ளாடுகள், 7.4 கோடி செம்மறிகள் இருக்கின்றன. இத்தனை கோடி இதயங்களுக்கு வரும் நோய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் நாம் பேசுவது மிகக் குறைவு.

முதலில் இதயத்தைப் பார்ப்போம். பெரிய பசுவின் இதயம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. மூன்றாவது விலா எலும்புக்கும் ஆறாவதுக்கும் இடையில், பெரும்பகுதி இடப்பக்கம் சாய்ந்து, முன்னங்கால் மறைவில் இருக்கிறது. வளர்ந்த மாட்டுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 துடிப்பு. இளங்கன்றுக்கு நூற்றுக்கு மேல். மாட்டின் இதயத்துக்குள் எலும்பும் உண்டு. மகாதமனி புறப்படும் வளையத்தில், வால்வுகளுக்குத் தாங்கலாக, சிறிய இதய எலும்புகள் இருக்கின்றன. இதயத்துக்குள் மின்துடிப்பைக் கடத்தும் இழைகளை 1839-இல் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே முதன்முதலில் கண்டதும் செம்மறியின் இதயத்தில்தான். மனித இதயத்தைப் புரிந்துகொள்ள வழிகாட்டிய அந்த இழைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. மாட்டில் இவை இதயச் சுவரின் முழுத் தடிமனுக்கும் ஊடுருவிச் செல்வதால், ஈ.சி.ஜி. வரைபடத்தை வைத்து இதயம் வீங்கியிருக்கிறதா என்று மனிதருக்குச் சொல்வதுபோல் மாட்டுக்குச் சொல்ல முடியாது. துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே அது காட்டும்.

இனி கம்பிக்கு வருவோம். இதுதான் நம் ஊர்த் தொழுவங்களில் அதிகம் நடப்பது. இதை விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். முள்ளுக்கு நடுவே இலையை மட்டும் பறிக்கத் தெரிந்த வாய் அது. மாடு நாக்கைச் சுழற்றி வாரி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிறகு அசைபோட்டுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. நாக்கிலுள்ள சொரசொரப்பான முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், வாய்க்குள் போன பொருளை வெளியே தள்ளுவதும் எளிதல்ல. ஆகவே வைக்கோலோடு வந்த ஆணியோ ஊசியோ கட்டுக்கம்பியோ நேராக உள்ளே போகிறது. கனமான பொருள் என்பதால் தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட இரண்டாம் வயிற்றில் தங்குகிறது. அந்தத் தேன்கூட்டு வயிறு ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை இறுகிச் சுருங்கும். ஒவ்வொரு சுருக்கமும் கூர்முனையை ஒரு மயிரிழையாவது முன்னுக்குத் தள்ளும். அந்த வயிற்றின் முன்சுவரை ஒட்டி உதரவிதானம். உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம், சில சென்டிமீட்டர் தூரத்தில் இதய உறை.

சினை முற்றும்போது கருப்பை வயிற்றை முன்னுக்கு நெருக்குகிறது. ஈனும்போது பசு முக்குகிறது. அதுவரை சும்மா கிடந்த கம்பி அப்போது சுவரைத் தாண்டிவிடும். ஈன்ற பசுவுக்கு இந்த நோய் அடிக்கடி தெரியவருவது இதனால்தான்.

கம்பி குத்திய முதல் இரண்டு மூன்று நாள்தான் மாட்டைக் காப்பாற்றும் காலம். லேசான காய்ச்சல், திடீரென்று பால் குறைவு, தீனி மறுப்பு, மேட்டில் ஏறும் மாடு பள்ளத்தில் இறங்கத் தயங்குவது, சாணம் போடும்போது முனகுவது. இவை எல்லாம் அப்போதே தெரியும். முதுகு மேட்டுத் தோலைக் கையால் கொத்தாகப் பிடித்து அழுத்தினால் நல்ல மாடு முதுகைக் கீழே தாழ்த்தும். வலியுள்ள மாடு அசையாது. முழங்கைக்குப் பின்னால் நெஞ்சுக்கு அடியில் ஒரு கம்பைக் கொடுத்து, இருபுறமும் இருவர் பிடித்து மெல்ல உயர்த்திச் சட்டென்று விட்டால், நோயுள்ள மாடு முனகும். அந்த முனகலைக் கேட்க ஸ்டெதாஸ்கோப்பைத் தொண்டையில் வைக்கும் மருத்துவர்களும் உண்டு. இந்தக் கட்டத்தில் மாட்டை முன்பக்கம் உயரமான மேடையில் நிறுத்தி, நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, வாய் வழியாகக் காந்தம் செலுத்தினால் பலவும் தேறிவிடும். தேறாவிட்டால் இடது விலாப்பள்ளத்தைத் திறந்து, பெருவயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டு, தேன்கூட்டு வயிற்றின் அறைகளை விரலால் தடவிக் கம்பியை உருவி எடுக்கலாம். மாடு நின்றபடியே, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, கிராமத்துத் தொழுவத்திலும் செய்யக்கூடிய அறுவை அது.

இதய உறைக்குள் கம்பி போய்விட்டால் கதை வேறு. வயிற்றிலிருந்த கிருமிகள் கூடவே வந்துவிடும். உறைக்குள் முதலில் சுரசுரவென்று உராயும் ஓசை, பிறகு சீழும் நீரும் சேர்ந்து மங்கிய ஓசை, வாயு உண்டாகிவிட்டால் தளும்பும் ஓசை. லிட்டர் கணக்கில் திரவம் சேர்ந்து இதயத்தை வெளியிலிருந்து நெரிக்கிறது. விரிய இடமில்லாத இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வர முடியாமல் கழுத்துச் சிரையில் தேங்குகிறது, தாடி வீங்குகிறது. ஊசியால் திரவத்தை எடுக்கலாம், விலா எலும்பை வெட்டி உறையைத் திறக்கலாம். பிழைப்பவை சில. பெரும்பாலானவை பிழைப்பதில்லை. அந்த உண்மையை மாட்டுக்காரரிடம் சொல்லாமல் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

எருமைக்கு இன்னொரு வகைத் துன்பமும் உண்டு. கம்பி குத்திப் பலவீனமான உதரவிதானம் கிழிந்து, தேன்கூட்டு வயிறே நெஞ்சுக்குள் புகுந்துவிடும். வட இந்திய எருமைகளில் இது அறுவை மருத்துவர்களுக்குப் பழக்கமான நோய்.

கம்பி எங்கிருந்து வருகிறது? புது வீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுபவர் நறுக்கிப் போட்ட துண்டுகள், கூரையின் துருப்பிடித்த ஆணி, மாலையையும் பூச்செண்டையும் கட்டிய மெல்லிய கம்பி, குப்பையோடு வந்த ஊக்கு, டயரை எரித்தபின் தெருவில் மிஞ்சும் எஃகு இழை. இங்கிலாந்துப் பண்ணைகளிலும் பதப்படுத்திய தீவனக் குவியலை மூடும் விரிப்பின்மேல் பாரமாக வைக்கும் பழைய டயர்களிலிருந்து உதிரும் கம்பியே பெரிய தொல்லை. காந்தம் நல்ல காவல்தான். விரல் நீளக் காந்தத்தைக் கிடேரி ஒரு வயதைக் கடந்ததும் விழுங்க வைத்தால், அது தேன்கூட்டு வயிற்றிலேயே ஆயுளுக்கும் தங்கி, வரும் இரும்பையெல்லாம் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். செம்பும் அலுமினியமும் அதில் ஒட்டாது. ஏற்கெனவே சுவரைத் தாண்டிவிட்ட கம்பியையும் அது இழுத்து வராது.

ரத்தத்தின் வழியாக இதயத்துக்கு வரும் கேடு அடுத்தது. குளம்பில் சீழ்ப்பிடித்த புண், மடிநோய், ஈன்றபின் கருப்பையில் தங்கிய அழுகல், ஈரலில் கட்டி. இவற்றில் எதிலிருந்தாவது கிருமிகள் சிரைக்குள் கசிந்து, இதயத்தின் வால்வில் குடியேறி, பூக்கோசுபோல் முடிச்சு முடிச்சாக வளர்கின்றன. ட்ரூபெரெல்லா பயோஜெனஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகியவை இதில் முக்கியமானவை. மனிதருக்கு இந்த நோய் பெரும்பாலும் இதயத்தின் இடப்பக்க வால்வுகளைத் தாக்கும். மாட்டில் வலப்பக்க மூவிதழ் வால்வே அதிகம் கெடுகிறது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், காலுக்குக் கால் மாறும் நொண்டல், நாளுக்கு நாள் மெலிவு என்று இதயத்தோடு தொடர்பில்லாததுபோல் அறிகுறிகள் வரும். வாரக்கணக்கில் பெனிசிலின் போட வேண்டும். அத்தனை நாளும் பாலை விற்கக்கூடாது. பல குடும்பங்களுக்கு அது தாங்காது. குளம்பை மாதம் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது இதயத்துக்கும் செய்யும் வைத்தியம் என்று பால் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டங்களில் சொல்லப்பட வேண்டும்.

தாடி வீக்கம் என்றதும் எல்லோரும் இதயத்தைச் சந்தேகிப்பதில்லை, அதற்குக் காரணமும் உண்டு. ஈரல் தட்டைப்புழு, வயிற்றுப் புழு, ரத்தசோகை ஆகியவற்றிலும் தாடைக்குக் கீழே நீர் கோக்கும். வேறுபடுத்தக் கழுத்துச் சிரையைப் பார்க்க வேண்டும். புழுவால் வந்த வீக்கத்தில் சிரை தட்டையாகவே இருக்கும். நடுக்கழுத்தில் சிரையை விரலால் அழுத்திப் பிடித்து, இதயப் பக்கத்துப் பகுதி வடிகிறதா என்று பார்க்கலாம். நலமான மாட்டில் உடனே வடிந்துவிடும். இதயம் தளர்ந்த மாட்டில் புடைத்தபடியே நிற்கும். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைக் கால்நடை வளர்ப்போர் எவரும் கற்றுக்கொள்ளலாம். ரத்தசோகை முற்றிய மாட்டிலும் இதயத்தில் முனகல் ஓசை கேட்கும். வால்வு சரியாகவே இருக்கும், ரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடுவதால் வரும் ஓசை அது.

கன்றுகளுக்கு வரும் இதய நோயில் மனத்தை மிகவும் வருத்துவது கோமாரி. வளர்ந்த மாட்டுக்குக் கோமாரி என்றால் வாயிலும் குளம்பிலும் கொப்புளம், எச்சில் ஒழுகல், பால் நஷ்டம். பெரும்பாலும் உயிர் போகாது. கன்றுக்கும் குட்டிக்கும் கொப்புளம் வரவே நேரம் இருப்பதில்லை. வைரஸ் நேராக இதயத் தசையில் பெருகி அதை அழித்துவிடுகிறது. இரவு பால் குடித்த கன்று விடியலில் விறைத்துக் கிடக்கும். உடலைத் திறந்தால், செக்கச்சிவந்திருக்க வேண்டிய இதயத்தில் சாம்பலும் மஞ்சளுமாக வரிவரியாகச் செத்த தசை. புலித்தோல் போன்ற அந்த வரிகளால் நோயியல் நூல்கள் இதற்குப் புலி இதயம் என்று பெயர் சூட்டியிருக்கின்றன. 2013-இல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கோமாரி பரவியபோது தாய்மாடுகளைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. இப்படிச் சத்தமின்றிச் சாகும் கன்றுகளுக்கு இதயமே காரணம் என்பது பலருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வாய்ப்புண்ணோடு நிற்கும் தாயைப் பார்க்கிறோம், கன்று பால் கிடைக்காமல் செத்ததென்று எண்ணிக்கொள்கிறோம்.

இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசிதான் இருக்கிறது. இந்தியாவில் புழங்கும் ஓ, ஏ, ஆசியா 1 ஆகிய மூன்று வகை வைரஸுக்கும் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கோமாரியை 2030-க்குள் ஒழிப்பது அதன் இலக்கு. தாய்க்கு முறையாகத் தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகவே கன்றுக்கு முதல் காப்பு போய்விடும். கன்றுக்கு நான்காம் மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. "ஊசி போட்டா பால் குறைஞ்சிடும்" என்று சினைமாட்டையும் கறவைமாட்டையும் கொல்லைப்புறம் ஓட்டிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஓரிரு நாள் பால் குறையலாம்தான். தடுப்பூசி முகாம் ஊருக்கு வரும் நாளில் இந்தப் புலி இதயத்தின் படத்தை ஒரு தட்டியில் ஒட்டி வைத்தால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

இளங்கன்றின் இதயத்தைத் தீனியும் கெடுக்கும். செலினியமும் வைட்டமின் ஈ-யும் போதாத தாய்க்குப் பிறந்த கன்று, குட்டிகளின் தசை வெளிறிச் சாகிறது. அது கால் தசையில் நடந்தால் விறைத்து நடக்கும், இதயத்தில் நடந்தால் தாயைக் கண்டு துள்ளி ஓடும்போதே விழுந்து சாகும். வெள்ளைத்தசை நோய் என்று இதற்குப் பெயர். செலினியம் அளவு மீறினால் நஞ்சு என்பதால் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துளியும் கூடாது. வேறொரு தாது குறைந்தாலும் இதயம் கெடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1930-களில் நல்ல பசுக்கள் மேயும் இடத்திலேயே தலையைத் தூக்கிக் கதறிச் சரிந்து செத்தன. விழும் நோய் என்றே மக்கள் அதை அழைத்தார்கள். ஹெச். டபிள்யூ. பென்னட்ஸ் என்ற கால்நடை நோயியல் அறிஞர் அந்த மண்ணில் தாமிரம் இல்லை என்பதையும், பல மாதத் தாமிரப் பற்றாக்குறையால் இதயத் தசை நாராகிப்போனதையும் கண்டுபிடித்தார். செத்த மாட்டுக்குக் காரணம் தேடி மண்ணைச் சோதித்தவர் அவர்.

நம் ஊரில் பருத்திக்கொட்டை கறவைமாட்டுக்குச் சிறந்த தீனி. ஊறவைத்து ஆட்டிய பருத்திப்பால் மனிதருக்கே இனிப்பு. ஆனால் பருத்தி விதையில் காசிப்பால் என்ற நிறமி இருக்கிறது. வளர்ந்த மாட்டின் பெருவயிற்றில் அது பெருமளவு கட்டுண்டு செயலிழந்துவிடும். பெருவயிறு இன்னும் உருவாகாத இளங்கன்றுக்கும் குட்டிக்கும் அந்தக் காவல் இல்லை. தாய்க்கு வைத்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைச் செல்லமாகக் கன்றுக்கும் நாள்தோறும் ஊட்டினால், வாரங்கள் கழித்து மூச்சிரைப்பும் வயிற்று வீக்கமுமாக இதயம் தளரும். கோழித் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின் மருந்து அளவு மீறி மாட்டுத் தீவனத்தில் கலந்தாலும் இதயத் தசை அழியும். ஒரே இயந்திரத்தில் இரண்டையும் அரைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செடிகளில் நமக்கு அருகிலேயே இருப்பது அரளி. நெடுஞ்சாலை நடுவே வரிசையாக நிற்கும் செவ்வரளி, கோயில் நந்தவனத்து வெள்ளரளி, தோட்டத்து மஞ்சள் அரளி. எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. பச்சை இலை கசப்பதால் மாடு ஒதுக்கிவிடும். கவாத்து செய்து போட்ட கிளை காய்ந்துவிட்டால் கசப்பு குறைகிறது, நஞ்சு குறைவதில்லை. பத்து இருபது இலை வளர்ந்த பசுவைக் கொல்லப் போதும். வாடிய அரளி மாலையும், அரளி ஊறிய தண்ணீரும் ஆடுகளுக்கு ஆபத்துதான். துடிப்பு தாளம் தப்பும், மெதுவாகும், விட்டுவிட்டுத் துடிக்கும். கழியும், கால்கள் சில்லிடும். விழுந்து கிடக்கும் மாட்டுக்குக் கால்சியம் ஏற்றுவது நம் ஊரில் பழகிப்போன முதலுதவி. அரளி தின்ற மாட்டுக்கு அது நஞ்சுக்குத் துணைபோகும். என்ன தின்றது என்று கேட்காமல் ஊசியை எடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவில் வேறொரு கொடுமை. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த பவெட்டா முதலிய சில செடிகளைத் தின்ற ஆடும் மாடும் அன்று ஒன்றும் ஆகாமல் மேயும். நான்கு முதல் எட்டு வாரம் கழித்து, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல், பட்டியை நோக்கி ஓட்டிவரும்போது சடாரென்று விழும். விரைவு நோய் என்ற பொருளில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கவுசீக்டெ என்பார்கள். தின்ற மேய்ச்சல் நிலமும் செத்த இடமும் வெகு தொலைவில் இருப்பதால் குற்றவாளிச் செடியைக் கண்டுபிடிக்கவே வெகுகாலம் ஆனது.

அதே ஆப்பிரிக்காவில் உண்ணி கொண்டுவரும் இதயநீர் நோய் இருக்கிறது. எர்லிக்கியா ரூமினான்டியம் என்ற நுண்ணுயிரை அம்பிலியோம்மா வகை உண்ணி பரப்புகிறது. 1838-இல் லூயி ட்ரிக்கார்ட் என்ற குடியேறி, உண்ணி மொய்த்த சிறிது காலத்தில் தன் செம்மறிகள் செத்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1900-இல் லௌன்ஸ்பரி உண்ணிதான் பரப்புகிறது என்று சோதனையில் நிரூபித்தார். 1925-இல் கவுட்ரி கிருமியையே கண்டார். இதய உறைக்குள் வைக்கோல் நிற நீர் நிரம்புவதால் அந்தப் பெயர் வந்தது. உண்மையில் கெடுவது உடம்பு முழுக்க உள்ள மெல்லிய ரத்தக் குழாய்களின் உட்சுவர். அது கசிவதால்தான் நீர் சேர்கிறது. மூளை பாதித்து வட்டமடித்துச் சாகும் ஆடுகளும் உண்டு. கரீபியத் தீவுகள் சிலவற்றுக்கும் இந்நோய் கப்பலேறிப் போய்விட்டது.

மலைக்கு வருவோம். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்தவர்கள் நெஞ்சுப்பகுதியும் தாடியும் வீங்கிச் சாகும் மாடுகளைக் கண்டு திகைத்தார்கள். குளோவரும் நியூசமும் 1915-இல் இதை ஆராய்ந்து உயரத்தோடு தொடர்புள்ள நோய் என்று எழுதினார்கள். பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கும்போது நுரையீரலின் சின்னத் தமனிகள் சுருங்கும். மாட்டில் அந்தத் தமனிகளுக்குத் தசை தடிமன், உடம்பின் அளவுக்கு நுரையீரலும் சிறியது. சுருக்கம் பலமாகி, வலது இதயம் எதிர் அழுத்தத்தைத் தள்ளித் தள்ளி வீங்கிக் கடைசியில் தோற்கிறது. கீழே சமவெளிக்கு இறக்கிவிட்டால் பல மாடுகள் பிழைக்கும். கொலராடோ கால்நடை மருத்துவர்கள் காளைகளின் கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயை நுரையீரல் தமனிவரை செலுத்தி அழுத்தத்தை அளக்கிறார்கள். சராசரி அழுத்தம் 49 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் போன காளையை மலைப் பண்ணைக்கு ஏற்பதில்லை. இந்தக் குணம் கன்றுகளுக்கும் போகும் என்பதே காரணம். அண்மைக் காலமாக அங்கே நடுத்தர உயரத்திலும், கொழுக்க வைக்கும் பட்டிகளிலேயே, இதே வலது இதயத் தளர்ச்சியால் மாடுகள் சாகின்றன. வேகமாகக் கொழுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களின் இதயம் அந்த உடம்புக்குப் போதவில்லையோ என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

இதற்கு நேரெதிர் நம் லடாக்கின் யாக். 1986-இல் ஆனந்தும் உடன் ஆய்வாளர்களும் லடாக்கில் யாக், மாடு, இரண்டின் கலப்பினங்கள் ஆகியவற்றின் நுரையீரல் அழுத்தத்தை அளந்து வெளியிட்டார்கள். யாக்கின் தமனிகள் மெலிந்த சுவர் கொண்டவை, உயரத்திலும் சுருங்காமல் திறந்தே இருக்கின்றன. யாக்கும் மாடும் சேர்ந்து பிறக்கும் ஸோ என்னும் கலப்பினத்துக்கும் யாக்கின் இந்த வரம் அப்படியே வந்திருந்தது. ஸோவை மீண்டும் மாட்டோடு சேர்த்துப் பிறந்தவற்றில் சில யாக்கைப் போலவும் சில மாட்டைப் போலவும் இருந்தன. மரபு விதியை விளக்கப் பாடப்புத்தகம் சொல்லும் பட்டாணிச் செடிக் கணக்கு அந்த மலை உயரத்து நெஞ்சுக்குள் எழுதப்பட்டிருந்ததைப் படிக்கையில் இன்றும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. ஸோவைப் பொதி சுமக்கவும் உழவும் தேர்ந்தெடுத்த லடாக் மக்களிடம் இந்த அறிவு வேறு வடிவில் முன்பே இருந்திருக்கிறது.

இதயத்தின் சொந்தக் கேடு என்று சொல்லத்தக்கவை சிலவே. பிறவியிலேயே கீழறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டையோடு பிறக்கும் கன்றுகள் இருக்கின்றன. மாட்டில் காணும் பிறவி இதயக் குறைகளில் இதுவே அதிகம். ஓட்டை சிறிதானால் அந்தக் கன்று வளர்ந்து கறவைக்கும் வரும். மரபுவழி நோய்க்குச் சுவிட்சர்லாந்தின் சிவப்பு ஹோல்ஸ்டீன் மாடுகள் பெரிய பாடம். இரண்டு முதல் நான்கு வயதுக்குள், நன்றாகக் கறந்துகொண்டிருந்த பசுக்களின் இதயம் பை போல விரிந்து செயலிழந்தது. வம்சாவளியைத் தேடிப் போனபோது, நோயுற்றவை எல்லாம் ஏபிசி ரிஃப்ளெக்‌ஷன் சாவரின் என்ற கனடாக் காளையின் வழியில் வந்தவை என்று தெரிந்தது. காரணமான மரபணுப் பிழை 2011-இல் கண்டறியப்பட்டது. ஒரு காளையின் விந்து உறைநிலையில் உலகைச் சுற்றும் காலத்தில் ஒரு மறைந்த பிழையும் கூடவே சுற்றும். கலப்பினப் பெருக்கத்தை நம்பியிருக்கும் நாமும் காளைகளின் பால் கணக்கோடு மரபணுச் சோதனைக் கணக்கையும் கேட்கத்தான் வேண்டும்.

மாட்டு லுகோசிஸ் வைரஸால் வரும் புற்றுக்கு வலது மேலறை பிடித்த இடம். சப்பை நோய்க் கிருமி இளங்கன்றின் இதயத் தசையிலும் இறங்கும். வயிறு இடம் பெயர்ந்து தீனி எடுக்காத பசுவுக்குத் துடிப்பு தாறுமாறாவதுண்டு. வயிற்றையும் உப்புச் சமநிலையையும் சரிசெய்தால் பெரும்பாலும் அது தானே சீராகிவிடும். கழிச்சலில் கிடக்கும் கன்றின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் மெதுவாகி நிற்கப் பார்க்கும்.

கால்சியம் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈன்ற மறுநாள் பால் காய்ச்சலில் கழுத்தை மடித்துப் படுத்துவிட்ட பசுவுக்கு 450 மில்லி கால்சியம் பாட்டில் உயிர்த்தண்ணீர். இதயத் தசை இறுகுவதற்கே கால்சியம்தான் வேண்டும். அது குறைந்தால் துடிப்பு வேகமாகும், ஓசை மெலியும். பாட்டிலைச் சிரையில் அவசரமாக ஏற்றினாலோ இதயம் தாளம் தப்பி நின்றேவிடும். நல்ல மருத்துவர் ஒரு கையில் பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்து, மறுகையால் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுக்காமல், பத்து இருபது நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். துடிப்பு மாறினால் குழாயைக் கிள்ளி நிறுத்துவார். தோளில் பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவரிடம் உங்கள் பசுவை ஒப்படைக்காதீர்கள்.

இதயத் தளர்ச்சிக்கான மருந்துகள் இல்லாமலில்லை. நீரை இறக்க ஃபுரோசமைட் உண்டு. மனிதர் மாத்திரையாக விழுங்கும் டிகாக்ஸின், மாட்டுக்கு வாய்வழி கொடுத்தால் பெருவயிற்று நுண்ணுயிர்களே அதைச் சிதைத்துவிடும், சிரையில்தான் ஏற்ற வேண்டும். ஸ்கேன் கருவியால் இதய உறை நீரையும் வால்வு முடிச்சையும் கண்ணால் பார்க்கலாம். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை தசை அழிவைக் காட்டும். இவையெல்லாம் கல்லூரி மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகின்றன. மாடு அங்கே வருவதற்குள் நோய் முற்றிவிடுகிறது, அல்லது விற்றுவிடுகிறார்கள். மாட்டின் இதய உறையை எடுத்துப் பதப்படுத்தி மனிதருக்கு வால்வு செய்யும் முறை 1971-இல் லீட்ஸ் நகரில் மரியன் அயனெஸ்கு தொடங்கி வைத்தது. அரை நூற்றாண்டாக அந்த மெல்லிய சவ்வு எத்தனையோ மனித நெஞ்சங்களில் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அதே சவ்வு மாட்டின் நெஞ்சிலேயே இருக்கும்போது அதைக் காக்க நாம் செலவிட்ட அக்கறை போதாது என்பது என் மனத்தாங்கல்.

அந்தத் தொழுவத்தில் மருத்துவர் கைகழுவிவிட்டு வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். பக்கத்தில் புது மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது, வைக்கோல் போர் அந்தச் சுவரை ஒட்டியே இருக்கிறது. அடுத்த முளையில் அதே பசுவின் மூத்த கிடேரி, ஒன்றரை வயது. வீட்டுக்காரர் அதன் மூக்கைப் பிடித்துத் தலையைத் தூக்க, மருத்துவர் விரல் நீளக் காந்தத்தை நாக்கின் அடித்தளம்வரை கொண்டுபோய் விட்டார். கிடேரி ஒருமுறை தலையை உதறியது, தொண்டை அசைந்தது. வீட்டுக்கார அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வைக்கோல் போரடியில் குனிந்து கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். முறம் நிறையவே கிடைத்தது.